ஒளியின் எல்லைக்கு அப்பால் – 9: இரண்டு முப்பட்டகங்களுக்கு இடையில்

1927 ஜூலை 23 அன்று பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் வானொலி நிலையத்தை வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்துவைத்தார். நிலையத்தின் திறன் 1.5 கிலோவாட். கேட்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நகரத்தின் மாட்டுங்கா அப்போது எழும்பிக்கொண்டிருந்த பேட்டை. நகர மேம்பாட்டு டிரஸ்ட் அளந்து பிரித்த மனைகளில் வரிசையாகக் கட்டடங்கள் ஏறிக்கொண்டிருந்தன. தெற்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் குடிபுகுந்துகொண்டிருந்தன. வால்வு வைத்த ரேடியோ வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு அந்த நாளில் ஒரு வழி இருந்தது. அதுதான் கிரிஸ்டல் செட். அதற்கு பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு செம்புக் கம்பிச் சுருள், ஓர் ஏரியல், காதில் மாட்டும் ஹெட்போன், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கலீனாத் துண்டு. அந்தக் கல்லின்மேல் மெல்லிய கம்பியின் முனையை வைத்து, இங்கே அங்கே என்று நகர்த்திக்கொண்டே இருந்தால், ஏதோ ஓர் இடத்தில் பாட்டு கேட்கும். கை கொஞ்சம் அசைந்தால் போய்விடும். மறுபடியும் தேட வேண்டும்.

கலீனா என்பது ஈய சல்பைடு. கறுத்து, உடைத்த முகங்களில் வெள்ளிபோல் மின்னும் கனிமம். பம்பாய் முகமது அலி சாலைக் கடைகளில் சின்னச் சீசாக்களில் விற்கும் சுர்மாவில் வழிவழியாகச் சேர்க்கப்பட்டுவந்த பொடி இதுதான். ஈயம் உடம்புக்குள் போகும் என்பதால் மருத்துவர்கள் இன்று அதைக் கண்ணில் இட வேண்டாம் என்கிறார்கள். கண்ணுக்கு மை இடுவதற்கென்று அரைத்த அந்தக் கல்லையே ஒருவர் கண்ணாக மாற்றிப் பார்த்தார். ரேடியோ அலையையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஒரே கலீனா முனையால் உணர முடியும் என்று காட்டி, அதற்கு அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார். எண் 755,840. விண்ணப்பித்தது 1901 செப்டம்பர் 30; கிடைத்தது 1904 மார்ச் 29. குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்கு வழங்கப்பட்ட மிகப் பழைய காப்புரிமைகளில் ஒன்று அது. பெற்றவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ்.

சென்ற இதழில் எர்ன்ஸ்ட் அபேயுடன் நிறுத்தியிருந்தோம். 1873இல் ஜெர்மனியின் ஜேனா நகரத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: எவ்வளவு நல்ல லென்ஸ் செய்தாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளை மைக்ராஸ்கோப் பிரித்துக் காட்டாது. பச்சை ஒளிக்கு அது கிட்டத்தட்ட 200 நானோமீட்டர். பாக்டீரியா தெரியும், 100 நானோமீட்டர் அளவுள்ள ஒரு வைரஸின் உருவம் தெரியாது. இதுதான் விளிம்பு விளைவு எல்லை. ஜேனாவில் அபேயின் நினைவுச் சின்னத்தில் அந்தச் சூத்திரத்தைக் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்.

அந்த எல்லையை மீறிய கதையைப் பாடநூல்கள் ஜேனாவிலிருந்து நேராக டப்ளினுக்கும், டப்ளினிலிருந்து சூரிச்சுக்கும் கொண்டுபோகும். நடுவில் கல்கத்தா வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

போஸ் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தது 1885இல். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கொடுத்த சம்பளத்தை இந்தியருக்குக் கொடுக்கவில்லை என்பதற்காக மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தியவர். சொந்த ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்தது குளியலறையை ஒட்டிய ஒரு சிறு அறை. 1894இல் அங்கேதான் மின்காந்த அலைகளைப் பற்றிய வேலையைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஹெர்ட்ஸ் உண்டாக்கிக் காட்டிய அலைகள் பெரியவை. மிகக் குறுகியதே 60 சென்டிமீட்டருக்கு மேல். அந்த அலைகளை வளைத்து, திருப்பி, முப்பட்டகத்தில் விட்டுப் பார்க்க வேண்டுமானால் ஆள் உயரக் கருவிகள் வேண்டும். போஸின் அறையில் அதற்கு இடம் ஏது? அவர் அலையைச் சுருக்கினார். 25 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை அலைநீளம் உள்ள அலைகளை உண்டாக்கினார். மொத்தக் கருவியும் ஒரு பெட்டியில் அடங்கியது. 1896இல் அதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போனார். 1897 ஜனவரி 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இயக்கிக் காட்டினார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவற்றைப் பார்த்தால் மனிதரைப் புரிந்துகொள்ளலாம். கந்தகத்தை உருக்கி வார்த்த லென்ஸ். முறுக்கிய சணல் நார்க்கட்டு. அலையை ஒரே தளத்தில் அதிரவைக்கும் வடிகட்டி ஒன்றுக்கு அவர் எடுத்துக்கொண்டது பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத்தாள் சொருகிவிட்டார், வேலை முடிந்தது. கடையில் கிடைக்காத எதையும் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்துகொண்டவர். அந்த அறையிலிருந்து வந்த அளவீடுகளின் தரத்தைப் பார்க்கையில் எனக்கு இன்றும் வியப்புதான்.

1897இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான ஒரு கட்டுரைதான் நமக்கு முக்கியம். முழு அக எதிரொளிப்பில் காற்றிடைவெளியின் தடிமன் என்ன செய்கிறது என்பது அதன் பொருள்.

கண்ணாடிக்குள் போகும் ஒளி, கண்ணாடியின் மறுமுகத்தில் போதுமான அளவு சாய்ந்து விழுந்தால் வெளியே வராது. முழுவதும் உள்ளுக்கே திரும்பிவிடும். பள்ளியில் படித்தது. ஆனால் பள்ளியில் சொல்லாத ஒன்று உண்டு. திரும்புகிற ஒளி அந்த முகத்தைத் தாண்டி வெளிக்காற்றில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. அந்த எட்டிப் பார்க்கும் பகுதி எங்கும் பயணம் போவதில்லை. முகத்தை விட்டு விலக விலக வேகமாகத் தேய்ந்து, ஓர் அலைநீளத் தொலைவுக்குள் ஏறக்குறைய ஒன்றும் இல்லாமல் போய்விடும். இப்போது இன்னொரு கண்ணாடியை மிக அருகே கொண்டுவந்தால், தேய்ந்துகொண்டிருந்த அந்த அலை இரண்டாவது கண்ணாடிக்குள் புகுந்து, மறுபடியும் முழு ஒளியாகப் பயணம் தொடங்கும். நியூட்டனே இதைக் கவனித்திருக்கிறார்: முப்பட்டகத்தின்மேல் குவிலென்ஸை வைத்தால், இரண்டும் தொடும் இடத்தைவிடப் பெரிய வட்டத்தில் ஒளி கசிந்து போகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதை அளப்பது பெரும்பாடு. இடைவெளி சில நூறு நானோமீட்டராக இருக்க வேண்டும்; தூசி ஒன்று விழுந்தாலே கெட்டுவிடும். போஸின் அலைகளுக்கோ இடைவெளி மில்லிமீட்டர் கணக்கு. இரண்டு முப்பட்டகங்களை எதிரெதிரே வைத்து, நடுவே உள்ள காற்றைக் கூட்டிக் குறைத்து, அலை எப்போது தாண்டுகிறது, எப்போது முழுவதும் திரும்புகிறது என்று பொறுமையாகப் பார்த்தார். விழும் கோணம் மாறினால் முழுவதும் திரும்புவதற்கு வேண்டிய காற்றின் தடிமன் மாறுகிறது, அலைநீளம் மாறினாலும் மாறுகிறது என்று கண்டார். எட்டாத அளவில் நடக்கும் ஒன்றை, அலையைப் பெரிதாக்கி, கைவிரலால் திருகிப் பார்க்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரட்டை முப்பட்டகத்தைக் கொண்டு அலையின் வலிமையைக் குறைக்கும் அந்த உத்தியை நூறாண்டுகளுக்குப் பிறகும் வானியல் ரேடியோ தொலைநோக்கி ஒன்றின் ஏற்பியில் பயன்படுத்தினார்கள்.

இந்தத் தேயும் அலைக்கும் அபேயின் எல்லைக்கும் என்ன சம்பந்தம்? எல்லாச் சம்பந்தமும் உண்டு. ஒரு பொருளின்மேல் ஒளி விழும்போது, அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான நுணுக்கங்கள் உண்டாக்குவது இந்தத் தேயும் அலைகளை மட்டுமே. அவை பொருளின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்து அங்கேயே மடிந்துவிடுகின்றன. தள்ளி நிற்கும் லென்ஸுக்கு அவை வந்து சேர்வதே இல்லை. அபே சொன்ன எல்லை லென்ஸின் குறையால் வந்ததல்ல. நாம் நிற்கும் தூரத்தால் வந்தது. தூரத்தைக் குறைத்து, அலை மடிவதற்கு முன்பே அங்கே போய், அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய ஏதோ ஒன்றை வைத்தால் அந்த எல்லை பொருந்தாது. ஆக இரண்டு சங்கதிகள் வேண்டும். அண்மை ஒன்று, நுனியளவான உணர்வான் மற்றொன்று.

அண்மையை போஸ் 1897இல் அளந்துவிட்டார். ஒளியை உணரும் நுனியை 1901இல் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கலீனாவின்மேல் முனை தொடும் புள்ளியில் ஒளி விழுந்தால் அதன் மின்தடை மாறும். இணைத்திருக்கும் கால்வனாமீட்டரின் முள் நகரும். இதைச் செயற்கை விழித்திரை என்றே அவர் அழைத்தார். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும், அதற்கும் அப்பால் உள்ள ரேடியோ அலைகளையும் இந்தக் கண் பார்க்கும் என்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வால்டர் பிராட்டன், 1955இல் ஜெரால்ட் பியர்சனோடு சேர்ந்து எழுதிய குறைக்கடத்தி ஆய்வு வரலாற்றில், ரேடியோ அலையைக் கண்டறியக் குறைக்கடத்திப் படிகத்தைப் பயன்படுத்திய முதல்வர் என்று போஸைத்தான் குறிப்பிடுகிறார்.

இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது, புகழ்மாலை ஆகிவிடும். மைக்ராஸ்கோப் அவர் எண்ணத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய கலீனா முனை நானோ அளவிலானதும் அல்ல. தேயும் அலையைக் கண்டுபிடித்தவரும் அவர் அல்ல. ஆனால் பின்னால் வந்தவர்கள் தேடி அலைந்த இரண்டு துண்டுகளும் நான்காண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் கைக்குள் இருந்தன என்பது உண்மை. வேறெவருக்கும் அன்று அது வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஏன் சேரவில்லை? அந்தக் கருவியே அவரை வேறு பக்கம் திருப்பிவிட்டது. தொடர்ந்து வேலை வாங்கினால் அவருடைய உணர்கருவிகள் களைத்துப்போயின. ஓய்வு கொடுத்தால் தெளிந்தன. உலோகத்துக்குக் களைப்பு ஏன் என்று கேட்டுக்கொண்டே போனவர், உயிருள்ள தசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு வந்துசேர்ந்தார். 1902இல் உயிருள்ளவற்றின் எதிர்வினையையும் உயிரற்றவற்றின் எதிர்வினையையும் ஒப்பிடும் புத்தகம் வெளிவந்தது. அதற்குப் பிறகு செடிகொடிகள்தான். காப்புரிமையில் அவருக்கு விருப்பமே இருந்ததில்லை. அவருடைய அமெரிக்க நண்பர் சாரா புல் அம்மையார் வற்புறுத்தியதால் எடுத்தார். எடுத்ததை வைத்துக் காசு பார்க்காமல் காலாவதியாக விட்டுவிட்டார். பம்பாய் நிலையம் திறந்த 1927இல், கிரிஸ்டல் செட்டின் கல்லில் கம்பி முனையை நகர்த்திக்கொண்டிருந்த எத்தனை பேருக்கு அந்தக் கல்லுக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் கல்கத்தாவில் இருக்கிறார் என்று தெரிந்திருக்கும்?

அதற்கு அடுத்த ஆண்டே, 1928இல், டப்ளினில் எட்வர்ட் ஹட்சின்சன் சிங் என்பவர் யோசனையை எழுத்தில் வைத்தார். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர், ஆய்வகம் கிடையாது, தனியாக உட்கார்ந்து சிந்தித்தவர். ஐன்ஸ்டீனுக்குக் கடிதம் எழுதினார், ஐன்ஸ்டீனும் பதில் எழுதினார். கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு கட்டுரை வெளியானது. ஒளிபுகாத ஒரு தகட்டில் 10 நானோமீட்டர் துளை. பொருளுக்கும் துளைக்கும் இடையே அதே அளவு இடைவெளி. துளையைச் சிறு சிறு படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஒளி வருகிறது என்று குறித்துக்கொண்டே போனால் படம் கிடைத்துவிடும் என்றார். 1932இல், அந்த நகர்த்தலுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் குவார்ட்ஸ் படிகங்களைப் பயன்படுத்தலாம் என்றும் எழுதினார். இன்றைக்குப் பெரும்பாலான நுனி மைக்ராஸ்கோப்புகள் இப்படித்தான் நகர்கின்றன. அன்று யாரும் கவனிக்கவில்லை. சிங் 1957இல் இறந்தார்; அவர் எழுதியதைத் தேடி எடுத்துப் படித்தது அதற்கும் வெகுநாள் கழித்து.

அந்த யோசனைக்கு முதல் நிரூபணம் ஒளியில் வரவில்லை. போஸ் செய்தது போலவே பெரிய அலைகளில் வந்தது. 1972இல் லண்டனில் எரிக் ஆஷும் ஜி. நிக்கல்ஸும் 3 சென்டிமீட்டர் நுண்ணலையை 1.5 மில்லிமீட்டர் துளை வழியே விட்டு, அலைநீளத்தில் 60இல் ஒரு பங்கு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள். கல்கத்தா அறையில் இருந்த கருவிகளோடு இதை முயன்றிருக்க முடியுமா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அலை இருந்தது, உணர்வான் இருந்தது, தேயும் அலையைப் பற்றிய அறிவு இருந்தது. கேள்வி மட்டும் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதைச் செய்தவர் சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த டீட்டர் போல். அணுக்களைத் தனித்தனியே காட்டும் சுரங்கமின் மைக்ராஸ்கோப்பை பின்னிக்கும் ரோரரும் செய்தது அதே ஆய்வகத்தில்தான். போலின் குழு குவார்ட்ஸ் படிகத்தை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் அரித்துக் கூராக்கியது. அதன்மேல் அலுமினியம் பூசியது. பிறகு அந்த முனையைக் கண்ணாடித் தகட்டின்மேல் மெதுவாக அழுத்திக்கொண்டே மறுபக்கம் பார்த்தது. நுனியில் உலோகம் நசுங்கி விலகி, துளியளவு ஒளி கசியத் தொடங்கிய கணத்தில் அழுத்துவதை நிறுத்தியது. துளை தயார். 1984இல் வெளியான கட்டுரையில் 488 நானோமீட்டர் ஒளியைக் கொண்டு அதில் 20இல் ஒரு பங்கு, அதாவது 25 நானோமீட்டர் நுணுக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒளி ஸ்டெத்தஸ்கோப். பொருத்தமான பெயர்: இதயத் துடிப்பின் ஒலி அலைநீளம் மீட்டர் கணக்கில் இருந்தாலும், மார்போடு ஒட்டிவைத்துக் கேட்கும் மருத்துவர் இதயம் இருக்கும் இடத்தைச் சில சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடுகிறார். அதே ஆண்டு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லூயிஸின் குழுவும் 50 நானோமீட்டர் வரை வந்தது.

ஆனால் துளைக்கு ஒரு சாபம் உண்டு. அதை 1944இலேயே ஹான்ஸ் பெத்தே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அலைநீளத்தைவிடச் சிறிய துளையின் வழியே போகும் ஒளி, துளையின் அளவின் ஆறாவது அடுக்கில் குறைகிறது. துளையைப் பத்தில் ஒரு பங்காக்கினால் ஒளி பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். இழுத்துக் கூராக்கிய கண்ணாடி இழைகளைக் கொண்டு எரிக் பெட்சிக் 1991இல் 12 நானோமீட்டர் வரை எட்டினார். அதற்கு மேல் சுருக்கினால் பார்க்க ஒளியே மிஞ்சவில்லை. அதிக ஒளியை உள்ளே விட்டால் நுனியின் உலோகப் பூச்சு சூடேறிப் பாழாகிறது.

இங்கேதான் உணர்வான் மறுபடியும் கதைக்குள் வருகிறது. பிடித்த ஒளியைத் துளை வழியே, இழை வழியே வெகுதூரம் கடத்திப்போய் ஒரு பெரிய கருவியிடம் ஏன் கொடுக்க வேண்டும்? பிடித்த இடத்திலேயே மின்னோட்டமாக மாற்றிவிட்டால் என்ன? அப்படியானால் ஒளியுணரும் பொருளே நூறு நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும். 2006இல் ஹார்வர்டில் சார்லஸ் லீபர், ரித்தேஷ் அகர்வால், ஆலிவர் ஹைடன் மூவரும் சிலிக்கான் நானோ கம்பி ஒன்றையும் காட்மியம் சல்பைடு நானோ கம்பி ஒன்றையும் குறுக்கே வைத்தார்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் அந்த ஒரு புள்ளிதான் உணர்வான். ஒரு ஃபோட்டான் தட்டி எழுப்பும் எலக்ட்ரான் மற்றவற்றை முட்டி எழுப்ப, அது பெருகிச் சரிவாக வரும்படி மின்னழுத்தம் கொடுத்தார்கள். நூறு ஃபோட்டான்களுக்கும் குறைவான ஒளியை அது உணர்ந்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிஹ் லின் குழு வேறு வழியில் போனது: இரண்டு மின்முனைகளுக்கு நடுவே நானோமீட்டர் கணக்கில் ஒரு சந்து, அதில் குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நுண்படிகங்கள் சில. ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் புள்ளிக்குப் புள்ளி தாவி ஓட்டமாகும்.

அதே 2006இல் டொராண்டோவில் ஜெராசிமோஸ் கோன்ஸ்டான்டாடோஸும் எட்வர்ட் சார்ஜென்ட்டும், கரைசலாகப் பூசிக் காயவைத்தாலே போதும் என்கிற மிகக் கூர்மையான ஒளியுணர்வான் ஒன்றை வெளியிட்டார்கள். சில நானோமீட்டர் அளவுள்ள படிகங்களால் ஆனது அது. பொருள்: ஈய சல்பைடு. போஸ் எடுத்துக்கொண்ட அதே கலீனா. பெரிய கட்டியாக இருக்கும்போது அது 3 மைக்ரோமீட்டர் வரை அகச்சிவப்பை உணரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த சைட்வைண்டர் ஏவுகணையின் தொடக்க வகைகளில் வெப்பம் தேடும் கண்ணும் ஈய சல்பைடாகத்தான் இருந்தது. படிகத்தை இருபது நானோமீட்டருக்குக் கீழே சுருக்கச் சுருக்க அது உணரும் நிறம் மாறிக்கொண்டே வரும். எந்த நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பதைப் படிகத்தின் அளவைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. உணர்வான் சிறுத்தால் அது விழுங்கும் ஒளியும் சிறுக்கிறது. வரும் மின்னோட்டம், இருட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல் ஓட்டத்துக்குள் மூழ்கிவிடுகிறது. உணர்வானை நானோ அளவில் செய்துவிடலாம். அதற்குப் போகும் கம்பிகளும் இணைப்புகளும் அதைவிடப் பலமடங்கு பெரியவை, அவற்றின்மேல் விழும் ஒளியும் பொய்க் குறி கொடுக்கும். ஊசி முனையில் உட்காரவைத்து உயிருள்ள செல்லின்மேல் நகர்த்துவது இன்னும் கடினம். ஈரத்தில், அசையும் மெல்லிய பரப்பின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில் அதை நிறுத்திவைக்க வேண்டும். செல்லின் மேற்பரப்பைப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது.

உள்ளே பார்க்க விரும்பியவர்கள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். போலின் 1984 கட்டுரையில் இரண்டாவது பெயராக இருந்த இளைஞர் வின்ஃபிரெட் டெங்க், பிறகு கார்னெலில் வாட் வெப்பின் ஆய்வகத்துக்குப் போய், 1990இல் இரட்டை ஃபோட்டான் மைக்ராஸ்கோப்பைச் செய்தார். விளிம்பு விளைவு எல்லையை அது உடைக்கவில்லை. ஆனால் உயிருள்ள திசுவின் ஆழத்தைத் திறந்தது. அதே வெப் ஆய்வகத்தில் மூன்று ஃபோட்டான்களைக் கொண்டு உயிருள்ள செல்லுக்குள் செரோடோனினை அளந்து 1997இல் சயன்ஸ் இதழில் எழுதியவர் சுதீப்த மைத்தி. அவர் பின்னர் வந்து சேர்ந்தது நம் பம்பாயில், கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில். அடுத்த இதழில் கார்னெலிலிருந்து கொலாபாவுக்கு வந்த அந்தப் பாதையையும், ஊசியே இல்லாமல் அபேயின் எல்லையைத் தாண்ட 1994இல் ஸ்டெஃபான் ஹெல் போட்ட திட்டத்தையும் பார்ப்போம்.

(தொடரும்)